நிலை வைத்தவள்

ஹல்துமுல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலை மலைப் பாதையில் ஏறியபோது, ஜீவன் கலாராணியின் கையை விடவேயில்லை. 2003ஆம் ஆண்டு அது. மாமியார் வீட்டின் ஒற்றை அறையில் குசுகுசுவென்று பேசியே குடும்பம் நடத்தியவர்களுக்கு, இனிமேல் சொந்த வீடு.

வீடு பாதியில் நின்றது. தோளுயரச் சுவர்கள். கூரையில்லை. முன்வாசலில் பலாமர நிலை மட்டும் நிமிர்ந்து நிற்க, அதன் வழியாகப் பனிமூட்டம் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. வீட்டைக் கட்டத் தொடங்கியவர் செல்வரத்தினம் என்ற கிளார்க். நிலை வைத்த சில நாளிலேயே மனைவி லீலாதேவி இறந்துவிட, அவர் வீட்டை விற்றுவிட்டு யாழ்ப்பாணம் போய்விட்டார்.

நிலையின் உச்சியில் லீலாதேவி கட்டிய மஞ்சள் துணி அப்படியே இருந்தது.

"புதுசா நிலை வைக்கணுமோங்க?"

"நல்ல மரம். எதுக்குக் கழட்டணும்?"

கலாராணியும் சரியென்று, அந்த முடிச்சுக்கு மேலேயே தன் மஞ்சள் துணியைக் கட்டினாள்.

ஜீவனுக்கு ஃபெக்டரியில் இரவு வேலை. பகலில் வீடு கட்டும் மேசனோடு நிற்பான். கலாராணி தோட்டப் பாடசாலையில் படிப்பித்துவிட்டு மாலையில் வருவாள். ஒருநாள் வந்து பார்த்தால், குசினி ஜன்னல் மலையைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது.

"நீங்க வர்ற பாதை தெரியணும்னுதானே கேட்டேன்?"

"நல்லா இருக்கே! காலையில வாசல்ல நின்னு நீதானே மாத்தச் சொன்ன?"

"காலையில நான் ஸ்கூல்ல இருந்தேன்."

ஜீவன் சிரித்தான். "சும்மா வெளையாடாத."

அடுத்த வாரம், அவள் கேட்காத சிவப்புத் தரை.

அதற்கடுத்த மாலை, பாதையில் ஏறும்போதே அவனுடைய சிரிப்பு கேட்டது. கல்யாணமான புதிதில் அவளிடம் மட்டும் சிரித்த, தொண்டைக்குள் உருளும் அந்தச் சிரிப்பு. ஜீவன் வாசலில் தனியாக நின்றிருந்தான்.

"யாரோட பேசினீங்க?"

"ஒன்னோடதான்..." அவன் முகம் வெளிறியது. "நீ இப்பதான் வர்றியா?"

நிலையருகே, அப்போதுதான் அரைத்த பச்சை மஞ்சளின் வாசனை.

கலாராணிக்குப் பயம் வந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் எரிந்தது.

அந்தச் சிரிப்பு என்னுடையது.

பக்கத்து வீட்டுத் தனலெட்சுமியிடம் சொன்னபோது அவள் வாயில் கை வைத்தாள்.

"ஏம்மா டீச்சர், இன்னொருத்தி கட்டுன துணிக்கு மேலயா கட்டுன? நிலை வச்சவதானே வீட்டுக்காரி."

"அப்ப நிலையையே புடுங்கிப்புடுறேன்."

"அவசரப்படாத தாயி. அந்த நிலை இருக்குற வரைக்குந்தான் அவ வாசலோட நிக்கிறா. பூசாரிய வச்சு அனுப்பிட்டு அப்புறம் புடுங்கு."

கலாராணி பூசாரிக்குக் காத்திருக்கவில்லை. மறுநாளே மேசனை வைத்து நிலையைப் பெயர்த்தாள். புது நிலைக்குத் தன் கையால் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். பழைய மரத்தை விறகாகப் பிளந்து அடுக்கினாள். வீடு கட்டி முடிந்ததும், புதுமனை புகுவிழாவில் அந்த விறகில்தான் பால் காய்ச்சினாள்.

எரியட்டும்.

பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் குடித்தார்கள். அவளும் ஜீவனும் ஒரே டம்ளரில் குடித்தார்கள்.

மத்தியானம் விருந்தாளிகள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. புது மெத்தையில் சுவரோரமாகக் கலாராணி படுத்தாள். ஜீவன் அவள் தலையைக் கோதிவிட்டபடியே தூங்கிப்போனான். வீடும் அவளுடையது, அவனும் அவளுடையவன். பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

தூக்கத்தில் ஜீவன் அவள் பக்கமாக நகர்ந்தான். அவள் சிரித்துக்கொண்டாள்.

இன்னும் நகர்ந்தான்.

அவள் முதுகில் சுவரின் ஈரம் பட்டது.

"ஏங்க, தள்ளிப் படுங்க. அந்தப் பக்கம் எவ்வளவு எடம் கெடக்கு."

ஜீவன் கண்ணைத் திறக்கவில்லை. தொண்டைக்குள் மெல்லச் சிரித்தான்.

"நீ கொஞ்சம் ஒதுங்கிக்க, கலா. அவளுக்கு எடம் பத்தல."

அவனுக்கு அப்பால், மெத்தை மெதுவாக அமுங்கியது.