மூடி போட்டு வந்த பெட்டி

பெட்டியை மணிக்கூண்டின் அடியில் இறக்கிவைத்ததும் பங்கிராஸ் தோளைத் தேய்த்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"தைரியம்ணே, புள்ளையத்தான் குழியில எறக்கிட்டோமே. வெறும் பெட்டி எதுக்கு இந்தக் கனம் கனக்குது?"

"மழையில மரம் ஊறியிருக்கும். போ, போயித் தலையத் துவட்டு" என்றேன். எனக்கு எரிச்சல். ஐப்பசி அடைமழையில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்திலிருந்து சேற்றை மிதித்து வந்தவனுக்கு வேறென்ன வரும்?

நான் எங்கள் ஊர்ச் சந்தியாகப்பர் கோயிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, திரி ஏற்றுவது, வாசலில் உள்ள கல்தொட்டியில் தீர்த்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வேலை. இந்தப் பெட்டியும் என் பொறுப்புதான். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் எழுப்பிய பழைய கோயில் இது. எந்தக் காலத்திலோ கூரையைப் பிரித்துக் கட்டியபோது மிஞ்சிய உத்தரத்தில் இந்தப் பெட்டியைச் செய்தார்களாம். தனக்கென்று சவப்பெட்டி செய்துகொள்ள எங்கள் ஊரில் யாருக்கு வசதி? செத்தவரை இதில் வைத்துத் தூக்கிப்போவோம், பாயோடு குழியில் இறக்குவோம், பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் இது ஒன்றுதான்.

திரும்பும்போது ஒரு முறை உண்டு. மூடியைப் பெட்டிமேல் போடக்கூடாது. ஒருவர் அதைத் தனியாகத் தலையில் வைத்துக்கொண்டு வரவேண்டும். மூடிவிட்டால் உள்ளே ஆள் இருப்பதாக ஆகிவிடும் என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் முறை என்றால் முறைதான்.

அன்றைக்குப் பெட்டி மூடியோடு வந்திருந்தது.

முன்னால் நடந்த நான் அதை அப்போதுதான் கவனித்தேன். "எவன்டா மூடியப் போட்டது?" என்று கத்தினேன்.

"நான்தாண்ணே. மழை உள்ள விழுதுன்னு சொல்லிப் போடச் சொன்னேன்" என்றாள் என் தங்கை அடைக்கலமேரி.

குழிக்குப் போன பிள்ளை அவளுடையது. மதலேன் என்று பெயர். புருஷன் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவன். ஜப்பான்காரன் அங்கே நுழைந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்தப் பிள்ளை ஒன்றுதான் அவளுக்குப் பிடிமானம். பொம்பளைகள் கல்லறைக்கு வரும் வழக்கம் இல்லை என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் கூடவே வந்துவிட்டாள்.

ஊரில் பேதி புகுந்து ஒரு தெருவையும் விடவில்லை. பேதி கண்டவருக்குத் தண்ணீர் காட்டினால் உயிர் போய்விடும் என்று வைத்தியரும் சொன்னார், ஊரும் சொன்னது. எல்லா வீட்டிலும் செம்பை ஒளித்துவைத்தோம். என் பெண்டாட்டி அமலோற்பவம் தண்ணீர் தண்ணீர் என்று என் கையைப் பிடித்துக்கொண்டேதான் செத்தாள். மதலேனும் அப்படித்தான் போனது. மேரி மனசு கேட்காமல் செம்பை எடுத்தபோது, அதை அவள் கையிலிருந்து பிடுங்கியவன் நான். பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான் பிடுங்கினேன்.

"எதுக்குடி போடச் சொன்ன? உண்மையச் சொல்லு."

"ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு அனுப்பிர்றேண்ணே. அதுக்கு மேல கேக்க மாட்டேன். மாதா மேல சத்தியம்."

பங்கிராசும் மற்றவர்களும் எப்போது நழுவினார்கள் என்று தெரியவில்லை. பங்குச் சாமியார், சாகக் கிடக்கிறவர்களுக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கக் கீரமங்கலம் பக்கம் போயிருந்தார். பொழுது சாயவில்லை என்றாலும் மழை இருட்டு உள்ளே வந்துவிட்டது. பச்சை மண் வாடை அடித்தது. அதோடு பேதி கண்ட வீட்டில் அடிக்கும் வாடையும் இருந்தது.

டொக்.

கூரையிலிருந்து விழும் சொட்டு என்று நினைத்தேன்.

டொக். டொக்.

சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

மேரி மூடியின் மேல் கன்னத்தை வைத்தாள். "மதலேனு... என் தங்கம்..."

"ஆத்தா."

சேசுவே! அது என் தோளில் வளர்ந்த பிள்ளையின் குரல். நான் பாய்ந்து மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிண்ணே! ஒனக்குப் புண்ணியமாப் போகும், எந்திரி!" மேரி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். காலில் விழுந்தாள். பிறகு இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள். "நீதான செம்பப் புடுங்குன! நீதான!"

நான் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆத்தா, நெருக்கமா இருக்கு."

மேரியின் கை அப்படியே நின்றது. "என்ன தங்கம்?"

"எல்லாரும் ஏறிட்டாக ஆத்தா. கால நீட்ட முடியல. எல்லாரும் தண்ணி கேக்குறாக."

எனக்குக் கீழே மூடி அசைந்தது. இப்போது தட்டியது ஒரு கை அல்ல. தலைமாட்டில், கால்மாட்டில், பக்கப் பலகைகளில், எல்லா இடத்திலும் தட்டினார்கள்.

நடுவில் ஒரு குரல், என் காலடியிலேயே.

"ஏங்க."

அமலோற்பவம்.

"தொண்ட காயுதுங்க."

எப்படி இறங்கினேனோ, சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதேன். அவளை இன்னொரு தரம் பார்க்க மாட்டோமா என்று இருந்தது. பார்த்துவிடுவோமோ என்றும் பயமாக இருந்தது. "தொறந்துறாத மேரி, எல்லாரும் வந்துருவாக" என்றேன். அப்படிச் சொன்னதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

மேரி திறக்கவில்லை. வாசலுக்கு ஓடி, அங்கிருந்த செம்பைத் தீர்த்தத் தொட்டியில் அமுக்கி எடுத்துவந்தாள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஊற்றினாள்.

கீழே ஒரு சொட்டும் விழவில்லை.

மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் ஆத்தா."

திரும்ப ஓடினாள். திரும்பத் திரும்ப ஓடினாள். நானும் எழுந்தேன். இரண்டு கையையும் குவித்து அள்ளிக்கொண்டு ஓடினேன். இடுக்கில் ஊற்றும்போது என் விரலை ஏதோ தொட்டது. வெடித்துக் காய்ந்த உதடு அது. தொட்டி வற்றி அடிக்கல் தெரிந்தது. பிறகு கூரைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினோம்.

தட்டல் நின்றுபோனது. "போதுமா தங்கம்?" என்று கேட்டாள் மேரி. அவளே மூடியை நகர்த்தினாள். உள்ளே யாரும் இல்லை. அத்தனை தண்ணீர் ஊற்றியும் அடிப்பலகை காய்ந்து கிடந்தது.

"குடிச்சிருச்சுண்ணே. வயிறு நெறையக் குடிச்சிருச்சு" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அதோடு விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் காலையில் தொட்டியை நிரப்பினேன், சாமியார் மந்திரித்தார். சாயங்கால மணி அடிக்கப் போனால் தொட்டி வறண்டு கிடந்தது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு விரிசலும் இல்லை என்று போய்விட்டார். அன்றிலிருந்து நானும் மேரியும் மாறி மாறிக் குடம் சுமக்கிறோம். பூசைக்கு வருகிறவர்கள் காய்ந்த கல்லைத் தடவிச் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். "என்னப்பா கோயில்பிள்ளை, சோம்பேறி ஆயிட்டியா?" என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தொட்டியின் விளிம்பில் பச்சை மண் அப்பிய கைத்தடங்கள் இருப்பதை அவர்கள் வருவதற்குள் துடைத்துவிடுகிறேன். அதில் சின்னக் கை ஒன்றும் உண்டு. அதை மட்டும் மேரி துடைக்க விடமாட்டாள்.

இது சித்திரை. இன்று கோயில் கிணற்றில் வாளியை விட்டேன், சேறுதான் வந்தது. தொட்டியில் தண்ணீர் ஊற்றவில்லை. மேரி தூரத்து ஊருணிக்குக் குடத்தோடு போனவள் இன்னும் வரவில்லை. வீட்டில் மிஞ்சியது ஒரு செம்புத் தண்ணீர்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

டொக்.

கோயில் பக்கமிருந்து அல்ல. என் வீட்டுக் கதவில்.

"ஏங்க."

இந்தத் தடவை கொடுத்துவிட வேண்டும் என்று எழுந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தபோது அவளுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று. தெரு முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

என் கையில் இருப்பது ஒரு செம்பு.