கொம்புப் பாரில் கடைசித் தோட்டா

“ஒத்தக் கையால சுட்டேன்னு வையி, பிஸ்டல் ஒரு பக்கம் போவும், நீ ஒரு பக்கம் போவ!” என்றான் கஸ்பார்.

“ரெண்டு கையையும் பிஸ்டலுக்கே குடுத்துட்டா படகுல எதைப் புடிச்சு நிப்ப? காத்தையா?” என்று திருப்பிக் கேட்டாள் அவன் தங்கை பிலோமி.

வள்ளம் வேம்பார்க் கரையை விட்டு வெகுதூரம் வந்திருந்தது. முன்னால் உட்கார்ந்து, மூழ்கும்போது மாட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சிலுவை சிரித்தான். அவன் பிலோமியின் கணவன். மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கிச் சங்கு எடுப்பது அவன் தொழில். மச்சான் கஸ்பார் படகு ஓட்டுவான், கயிறு பிடிப்பான். பிலோமி தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவள். தண்ணீர் அவளுக்கும் புதிதில்லை.

“சண்டை போடாதீங்க. அதைச் சுட வேண்டிய வேலையே வராது,” என்றான் சிலுவை.

அவர்கள் போய்க்கொண்டிருந்தது கொம்புப் பாருக்கு. கடலுக்கடியில் மாட்டுக் கொம்பு போல முளைத்து நிற்கும் பாறைக் கூட்டம் அது. ஊரில் தோணி வைத்திருக்கும் பல்தசார் முதலாளியின் அப்பா காலத்தில் அவர்களுடைய சரக்குத் தோணி ஒன்று புயலில் மோதி அங்கேதான் உடைந்தது. தோணியோடு ஓர் இரும்புப் பெட்டியும் போனது. அது நிறைய வெள்ளி என்று ஊரே சொல்லும். போன வாரம் சங்கு தேடப் போன சிலுவையின் கண்ணில் அந்தப் பெட்டியின் மூலை பட்டுவிட்டது!

முதலாளியிடம் போய் நேராகச் சொன்னார்கள். “எடுத்துட்டு வாங்கப்பா. பாதி உங்களுக்கு, பாதி எனக்கு,” என்றார் அவர். பாதி கிடைத்தால் போதும், சொந்தமாக ஒரு வள்ளம் வாங்கிவிடலாம். எத்தனை நாளைக்குத்தான் வாடகைப் படகில் உழைத்து, உழைப்பின் நல்ல பாகத்தைப் படகுக்காரனுக்கே அளப்பது?

பிஸ்டலையும் அவர்தான் கொடுத்தனுப்பினார். அது ஆளைச் சுடுகிற பிஸ்டல் இல்லை. கயிறு வீசுகிற பிஸ்டல். ஆபத்துக்கு உதவட்டும் என்று அவருடைய தோணியில் வைத்திருப்பது. குழாய் வாயில் ஒரு இரும்புக் கம்பி. கம்பியின் வாலில் மெல்லிய நூல் கயிறு. விசையை அழுத்தினால் தோட்டா வெடிக்கும். கம்பி பறக்கும். டப்பாவில் சுருட்டி வைத்த கயிறு அதன் பின்னாலேயே உருவிக்கொண்டு ஓடும். தோட்டா இரண்டே இரண்டுதான் இருந்தது. கம்பியும் இரண்டுதான்.

கஸ்பார் சில காலம் சரக்குக் கப்பலில் வேலை செய்தவன். அங்கே இதைச் சுடக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். “நேரா நின்னு ரெண்டு கையாலயும் புடிக்கணும். வலது கை தள்ளணும், இடது கை இழுக்கணும். அப்பதான் உதை தாங்கும்,” என்பான்.

பிலோமி கல்லூரியில் படிக்கும்போது துப்பாக்கிப் போட்டியில் மெடல் வாங்கியவள். “பக்கவாட்டுல நிக்கணும். ஒரு கை இடுப்புல. இன்னொரு கை நீளமா. தோளு, கை, குறி எல்லாம் ஒரே கோடு. மெடல் சும்மாவா குடுத்தான்?” என்பாள்.

“அங்க தரை ஆடுச்சா, ஏட்டி?”

“உன் கப்பல் ஆடுச்சுல்ல, நீ என்னத்த அடிச்ச?”

“கடலத்தான்,” என்றான் சிலுவை. மூவரும் சிரித்துவிட்டார்கள்.

கொம்புப் பார் வந்தது! கஸ்பார் நங்கூரத்தை இறக்கினான். சிலுவையின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். அது அந்தக் கரையின் பழைய முறை. மூழ்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். வேறு எவன் கை சோர்ந்தாலும், தங்கையின் தாலியை நினைக்கிறவன் கை சோராது. கல்யாணத்தன்றிலிருந்து சிலுவையின் கயிறு கஸ்பாரைத் தவிர யார் கைக்கும் போனதில்லை.

“மாப்ள, பாத்து!”

“நீ இருக்கியே மச்சான்!” சிலுவை தலைகீழாகப் பாய்ந்தான்.

மூழ்கினான், வந்தான். மறுபடி மூழ்கினான். தோணியின் மக்கிய மரச்சட்டத்துக்குள் பெட்டி இறுகிக் கிடந்தது. பெட்டிக்கென்று கொண்டுபோன கயிறு ஒரு பக்கத்தை மட்டும்தான் தூக்கியது. அடுத்த முறை மூழ்கியவன் வெகுநேரம் வரவில்லை. கஸ்பாரின் மணிக்கட்டில் கயிறு இரண்டு முறை வெட்டி இழுத்தது. அதுதான் தூக்கச் சொல்லும் சைகை.

“தூக்கு, பிலோமி!”

அண்ணனும் தங்கையும் சேர்ந்து இரண்டு கயிற்றையும் இழுத்தார்கள். என்ன கனம்! தோள் கழன்றுவிடும் போல இருந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது, பாசி படிந்த இரும்புப் பெட்டி. அதன் ஒரு காதில் பெட்டிக் கயிறு. மறு காதில் சிலுவையின் இடுப்புக் கயிறு!

“மாப்ள எங்க?” கஸ்பார் அலறினான்.

பெட்டியைக் கட்டக் கயிறு போதாமல் சிலுவை தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கட்டியிருந்தான். அந்த நேரம் பார்த்துக் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எழும்பியது. நீரோட்டம் அவனை வாரிக்கொண்டு போனது.

“அண்ணே, அங்க!” பிலோமி கை நீட்டினாள்.

தூரத்தில் ஒரு பாறை முனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான் சிலுவை. அவன் காலிலிருந்து வழிந்த ரத்தம் நுரையைச் சிவப்பாக்கியது. பாறை கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. அவனால் நீந்த முடியாது. இடையில் தண்ணீருக்கு மேலும் கீழுமாகக் கூரான பாறைகள். படகும் அங்கே போக முடியாது. நீரோ ஏறிக்கொண்டிருந்தது. நீர் நிறைந்தால் அந்தப் பாறை முழுகிவிடும்!

கஸ்பார் பிஸ்டலை எடுத்தான். கால்களை அகட்டி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். அவன் குறி சரியாகத்தான் இருந்தது. டமார்! கம்பி சீறிக்கொண்டு பறந்தது. ஆனால் பாதி வழியில் கயிறு விண்ணென்று இறுகியது. பட்டென்று அறுந்தது. கம்பி கடலுக்குள் போய்விட்டது.

கஸ்பார் தன் மணிக்கட்டைப் பார்த்தான். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. சுடுவதற்கு முன்னால், தன்னை அறியாமலே, நூல் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான்! ஓட வேண்டிய கயிறு ஓடவில்லை.

“பாவி, நானே கெடுத்துட்டேனே,” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

“அழுவுறதுக்கு நேரமில்ல. இன்னும் ஒண்ணு இருக்கு. கம்பில வேற கயிறு மாட்டு!” என்றாள் பிலோமி. அவளே கடைசித் தோட்டாவைப் பிஸ்டலில் போட்டாள்.

அப்போது படகு திடீரென்று சுழன்றது. நங்கூரக் கயிற்றைப் பாறை அறுத்துவிட்டது! வள்ளம் பாறைப் பக்கமாக ஒதுங்கத் தொடங்கியது. கஸ்பார் சுற்றும் முற்றும் பார்த்தான். கனமான பொருள் படகில் ஒன்றுதான் இருந்தது.

“பெட்டிய இறக்கவா?”

“இத கேக்கணுமா? இறக்கு!”

ரெண்டு தலைமுறையாக ஊர் பேசிய பெட்டி மறுபடி கடலுக்குள் போனது. கயிறு இறுகியது. பெட்டி எதிலோ சிக்கியது. படகு நின்றது!

பிலோமி பழக்கப்படி பக்கவாட்டில் நின்றாள். இடது கையால் கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். போட்டிப் பிஸ்டலைப் போல இது இலேசாக இல்லை. ஒவ்வொரு அலைக்கும் அதன் மூக்கு தாழ்ந்தது. கை வலித்தது. ஒற்றைக் கையில் உதை தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையும் வேண்டும். கம்பை விட்டால் படகு அவளைத் தூக்கி எறிந்துவிடும்.

“அண்ணே, பின்னால வந்து என் இடுப்பப் புடி. ரெண்டு கையாலயும் புடி!”

கஸ்பார் வந்தான். ஆனால் அவன் வலது கையில் நூல் கயிற்றின் முனை இருந்தது.

“கயிற விடு!”

“கம்புல கெட்டியிருக்கேன். இருந்தாலும் ஒரு கையில நான்...”

“விடுண்ணே!”

“இது மாப்ள கயிறு பிலோமி. எப்படி விடுவேன்? கொஞ்ச முன்னாலதான் ஆளில்லாத கயிற இழுத்தேன்...”

“நீ அதப் புடிச்சிருந்தா அது அவரு வரைக்கும் போவாது. என்னப் புடி!”

கஸ்பாரின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கயிறு டப்பாவுக்குள் விழுந்தது. அவன் முட்டியைப் பலகையில் முட்டுக் கொடுத்துத் தங்கையின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

“மலை மாதிரி நிக்கேன். அடி!”

பிலோமி கம்பை விட்டாள். இரண்டு கையும் பிஸ்டலில் சேர்ந்தன. படகு தாழ்ந்தது, எழுந்தது. இப்போது வேண்டாம். மறுபடி தாழ்ந்தது. காற்று கிழக்கிலிருந்து தள்ளுகிறது. குறியைக் காற்று வருகிற பக்கமாகச் சற்றே ஒதுக்கினாள். படகு அலையின் உச்சிக்கு ஏறி, ஒரு கணம் அசையாமல் நின்றது.

டமார்!

அண்ணனும் தங்கையும் பின்னால் போய் விழுந்தார்கள். கயிறு டப்பாவிலிருந்து சரசரவென்று ஓடியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கம்பி பாறையைத் தாண்டி விழுந்தது. கயிறு சிலுவையின் முதுகின் மேலேயே படிந்தது!

“புடிச்சுட்டாரு! அண்ணே, புடிச்சுட்டாரு!”

கஸ்பார் நூல் கயிற்றின் முனையைக் கம்பிலிருந்து அவிழ்த்துப் பெரிய கயிற்றோடு முடிந்தான். சிலுவை நூல் கயிற்றை இழுத்தான். அதன் பின்னால் பெரிய கயிறு போனது. இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு கையை ஆட்டினான். பெரிய அலை ஒன்று பாறைகளை மூடிய நேரத்தில் குதித்தான். இப்போது கயிறு கஸ்பாரின் கையில்! அவன் இழுத்த இழுப்பில் உள்ளங்கைத் தோல் வழன்றது. அவன் நிறுத்தவில்லை. கூரான பாறைகளுக்கு மேலே சறுக்கிக்கொண்டு வந்தான் சிலுவை. தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டார்கள்.

“மச்சான், முடிய விடு, வலிக்கு,” என்றான் சிலுவை. அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை.

“பேசாத! கயிற அவுக்கிற மூஞ்சியப் பாரு!” என்று திட்டிக்கொண்டே கஸ்பார் அழுதான். பிலோமி தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கணவன் காலில் இறுகக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நங்கூரத்தை, அதாவது பெட்டியை, மேலே இழுத்தார்கள். ஒரு பக்கம் தகடு பிய்ந்து போயிருந்தது. உள்ளே இருந்ததில் பாதி கடலோடு போய்விட்டது. மிச்சம் மதிய வெயிலில் மங்கலாக மின்னியது. கறுத்துப் போன வெள்ளிக் காசுகள், கொலுசுகள், ஒரு குத்துவிளக்கின் தலை.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. கஸ்பார் மாப்பிள்ளையை முதுகில் சுமந்து இறங்கினான். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். பல்தசார் முதலாளி பெட்டியைக் கூடப் பார்க்காமல் முதலில் அங்கேதான் வந்தார்.

“பாதி கொட்டிப் போச்சு முதலாளி. நங்கூரமா இறக்கிட்டோம்,” என்றான் கஸ்பார்.

“பெட்டி அம்புட்டு வருசம் கடல்ல சும்மா கிடந்துச்சு. இன்னைக்கு ஒரு நாள் வேலை பாத்திருக்கு. நல்லதுதான்,” என்றார் அவர். மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். புது வள்ளத்துக்கு அது போதவில்லை. ஏற்கெனவே ஓடிய பழைய வள்ளம் ஒன்று, அடிப்பலகை நல்லபடியாக இருந்தது, விலைக்கு வந்தது. அதற்குப் போதும்.

ஆஸ்பத்திரி வாசல் கடையில் டீ வந்தது. தோல் வழன்ற கையால் கஸ்பாருக்குக் கிளாசைப் பிடிக்க முடியவில்லை. பிலோமி பிடித்துக் குடிக்க வைத்தாள்.

“இவ்வளவு நாளும் கெட்டியாப் புடிக்கிறதுதான் வேலைன்னு இருந்தேன். விடுறதுக்கும் ஒரு நேரம் இருக்கு போல, ஏட்டி,” என்றான் அவன்.

“இருக்கு. ஆனா நாளைக்கு அவரு கயிற விட்டுராத,” என்றாள் பிலோமி.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த சிலுவை, தனக்கும் ஒரு டீ வேண்டும் என்று சத்தம் போட்டான்.