மூன்று தட்டு

அன்று காலை பழமலை டீயைக் குடித்து முடித்துவிட்டு, வழக்கம்போல் கப்பைக் கவிழ்த்துப் பிடித்து ஆணியால் தட்டினான். விளிம்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, அடியில் ஒன்று. கைப்பிடி உடைந்த அந்தப் பீங்கான் கப்பு கணீரென்றது.

"இன்னைக்கும் ஒடையல."

"தெனம் தட்டித் தட்டி நீயே ஒடைச்சிடப் போற, பாரு," என்றாள் வீரம்மாள்.

அவன் சிரித்தான். அவள் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

விருத்தாசலத்தில், ரயில் பாதையை ஒட்டி மூடிக் கிடந்த ஒரு பீங்கான் கம்பெனியில்தான் கோவிந்தசாமி கழிவுக் கிடங்கு நடத்தி வந்தான். ஊரில் திரட்டிய காகிதம், பாட்டில், எலும்பு, இரும்பு எல்லாம் அங்கே வந்து குவியும். கம்பெனிகள் கழித்துப் போட்ட கப்புகளும் சாடிகளும் மூட்டை மூட்டையாக வரும். அவற்றைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். கணீரென்றால் விற்கலாம். மொத்தென்றால் உள்ளே விரிசல். மற்றவர்கள் ஒரு தட்டோடு விட்டுவிடுவார்கள். மூன்று தட்டுகிறவன் பழமலை ஒருவன்தான்.

முன்பணம் வாங்கிக்கொண்டு வந்த ஐந்து குடும்பங்கள் உள்ளேயே தங்கியிருந்தன. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியே போகக் கூடாது. ஒருவர் வண்டியோடு போனால், திரும்பி வரும்வரை மற்றவர் கேட்டுக்குள் இருக்க வேண்டும். பூட்டைவிட அதுதான் பலமான காவலாக இருந்தது.

வீரம்மாள் ஸ்ரீமுஷ்ணத்தில் எட்டாவது வரை படித்தவள். குப்பையில் வந்த பள்ளி நோட்டில் எழுதாத தாள் ஒன்றைக் கிழித்து, கலெக்டருக்கு மனு எழுதி, ஜங்ஷன் தபால் பெட்டியில் போட்டிருந்தாள். தபால்தலை வாங்கக் காசில்லை. போய்ச் சேரும் என்று அவளே நம்பவில்லை.

போய்ச் சேர்ந்துவிட்டது.

தொண்ணூற்று நான்காம் வருடம், வைகாசி மாதம். வெயில் உச்சிக்கு ஏறியபோது அவள் வண்டியோடு திரும்பினாள். கிடங்கு அமைதியாக இருந்தது. தட்டுகிற சத்தமே இல்லை. எலும்பு வாடை மட்டும் காற்றில்லாமல் தேங்கி நின்றது. கேட்டருகே கோவிந்தசாமி சலவைச் சட்டையில் நின்றிருந்தான்.

"கடலூர்லேருந்து ஆபீசரு வராங்களாம். எவனோ எழுதிப் போட்டிருக்கான். உன் வூட்டுக்காரன் வாய் சும்மா இருக்காது, அதான் காலையிலயே சூளைக்குள்ள ஒக்கார வச்சிட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லு. அவங்க போனதும் தொறந்துடறேன். மாத்திப் பேசுனீன்னா, சாவிய எங்க வச்சேன்னு எனக்கே மறந்துடும்."

கிடங்கின் கோடியில் பழைய சூளை இருந்தது. புகைபோக்கியை எப்போதோ அடைத்துவிட்டார்கள். இரும்புக் கதவில், வளையத்தில் சிவப்புத் துணி சுற்றிய பூட்டு தொங்கியது.

ஒரு மணிக்கு ஜீப் வந்தது. பானுமதி என்ற அந்த அதிகாரியின் கையில் நோட்டுத்தாள் ஒன்று மடங்கி இருந்தது. வீரம்மாளுக்கு அதன் சிவப்புக் கோடு தெரிந்தது.

"பயப்படாதீங்கம்மா. கட்டாயப்படுத்தி வச்சிருக்காங்களா?"

"இல்லீங்க. சொந்தக்காரங்கதான்."

"உங்க வீட்டுக்காரர் எங்கே?"

"திட்டக்குடிக்குப் போயிருக்காருங்க."

டொக்.

டொக்.

டொக்.

விளிம்பு. வயிறு. அடி.

சூளையின் பக்கமிருந்து வந்தது. கணீரென்று இல்லை. மொத்தென்று இருந்தது.

அதிகாரி திரும்பினார். "அது என்ன சத்தம்?"

கோவிந்தசாமியின் கை மெல்லச் சட்டைப் பைக்குப் போனது. சாவி இருந்த பை.

"சரக்கு தரம் பிரிக்கிறாங்கம்மா," என்றாள் வீரம்மாள்.

தன் வாயால்தான் சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் எந்நேரமும் கேட்கிற சத்தம்தானே என்று அதிகாரியும் தலையாட்டினார். தரம் பிரிக்கிற ஆட்கள் எல்லாரும் வெறுங்கையோடு அவர் எதிரிலேயே வரிசையாக நின்றிருந்தார்கள்.

வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கோவிந்தசாமியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சாவியும் போனது.

கதவின் கீல்கள் செங்கல்லுக்குள் புதைந்திருந்தன. கடப்பாரை எடுத்த இருவரை வாட்ச்மேன் தடியோடு மறித்தான். வெயிலில் கொதித்த இரும்பில் வாயை வைத்து வீரம்மாள் பேசினாள்.

"இருய்யா. இதோ வந்துடுவான். கொஞ்சம் பொறுத்துக்க."

மூன்று தட்டு.

"தண்ணி வேணுமா?"

மூன்று தட்டு.

எது கேட்டாலும் அதே மூன்றுதான். ஐந்து மணிக்குக் கோவிந்தசாமி வந்து சாவியை நுழைக்கும்போதும் கேட்டது. பூட்டு திறந்த பிறகுதான் நின்றது.

பழமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் தோளைத் தொட்டாள். மரம்போல் விறைத்திருந்தது. கையில் ஆணி இல்லை. தட்டுவதற்கு ஒரு சில்லுகூட உள்ளே இல்லை.

"காலையில பதினோரு மணிக்கு முன்னாடியே உயிர் போயிருக்கும்மா," என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி அதையே சொன்னார்.

வெயில் தாங்காமல் மயங்கி இறந்ததாக எழுதி வழக்கை முடித்தார்கள். குடும்பங்களை விடுவித்தார்கள். வீரம்மாள் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலைப் பக்கம் ஒரு கடையில் பாத்திரம் கழுவினாள். கைப்பிடியில்லாத கப்பை அவள் ஒருமுறைகூடத் தட்டிப் பார்த்ததில்லை.

நான்கு வருடம் கழித்து, விருத்தாசலத்தில் பஸ் மாறப் போனவள் கால் போன போக்கில் அந்த கேட் முன்னால் வந்து நின்றாள். பலகையில் வேறு பெயர். அதே எலும்பு வாடை. உள்ளே ஓர் இளம்பெண் தனியாகக் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் வூட்டுக்காரரு எங்கம்மா?"

"வண்டி எடுத்துக்கிட்டுப் போயிருக்காருக்கா. அவரு வர வரைக்கும் நான் இங்கதான் இருக்கணும்."

டொக்.

டொக்.

டொக்.

வீரம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வருடமாகத் தொண்டையில் நின்ற சொல் வந்தது.

"உள்ள ஆளு இருக்குது. தொறங்க. சூளைக்குள்ள ஆளு இருக்குது."

புதிய வாட்ச்மேன் எரிச்சலோடு வந்தான். அவள் விடவில்லை. தெருவில் ஆட்கள் நிற்கத் தொடங்கியதும், "வந்து பாத்துட்டுப் போய்ச் சேரு," என்று அழைத்துப் போய்ச் சூளைக் கதவைத் திறந்தான்.

யாரும் இல்லை. தரையில் விரல் ஆழத்துக்குச் சாம்பல் புழுதி. ஒரு காலடிகூட இல்லை.

"போதுமா?" என்று கதவைச் சாத்திப் பூட்டினான்.

பூட்டு விழுந்த சத்தம் அடங்குவதற்குள் மூன்று தட்டு கேட்டது. வாட்ச்மேன் திரும்பிப் பார்க்காமல் கேட்டை நோக்கி வேகமாக நடந்தான்.

"ஒனக்குக் கேக்கல?" என்று வீரம்மாள் கேட்டருகே திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் கிசுகிசுத்தாள்.

அந்தப் பெண் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சரக்கு தரம் பிரிக்கிறாங்கக்கா."

சூளைக் கதவில் தொங்கியது பழைய பூட்டுதான். வளையத்தில் சுற்றிய துணி இன்னும் சிவப்பாகவே இருந்தது.