நான் இன்னும் தொடலம்மா

"நான் இன்னும் தொடலம்மா."

டாக்டரம்மா இப்படிச் சொன்னப்ப என் கண்ணு மூடியே இருந்துச்சு, பொன்னி. இடது முழங்கைக்குக் கீழ ஒரு தேமல் மாதிரி இருக்குதே, அது மேல விரலை வெச்சி, இங்கதான் தொட்டீங்கன்னு காட்டிகினு இருந்தேன். தொட்டாங்க. சத்தியமா தொட்டாங்க.

கண்ணைத் தொறக்காதே, இன்னொரு வாட்டி பாக்கலாம்னாங்க. நைனா, அம்மா, அக்கா எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. தறியை நிறுத்திட்டதால ஊடே கம்முனு இருக்குது. நல்ல வெயில், பட்டப்பகல்.

மறுபடி வந்துச்சு.

டாக்டரம்மா தொட்டுப் பாக்க வெச்சிருந்த நைலான் முடி படற மாதிரி இல்ல. ரெண்டு விரலு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேந்து, என் தோலை இழை மாதிரிப் புடிச்சி, மெதுவா முறுக்குது.

இங்கன்னேன்.

கண்ணைத் தொறந்தேன். டாக்டரம்மாவோட ரெண்டு கையும் அவங்க மடியிலயே இருந்துச்சு.

லைட்டை அணைக்காதேடி. சித்தப்பா கரண்டு போவுதுன்னு கத்தினா கத்தட்டும். ஆரணியிலருந்து இந்தக் கண்ணமங்கலத்துக்கு நான் லீவுக்கு வரல. நாளைக்கு உன்னை ஒரு எடத்துக்கு இட்டுகினு போவணும், அதுக்குத்தான் வந்தேன். மொதல்லருந்து சொல்றேன், கேளு.

கெமிஸ்ட்ரி லேப்ல ஆரம்பிச்சது. சூடான டியூபு என் கையில பட்டு, அந்தத் தேமல் மேலயே கொப்புளம் கெளம்பிடுச்சு. பக்கத்துல நின்னவ கத்துறா. நான் அவ எதுக்குக் கத்துறான்னு பாத்துகினு நிக்கிறேன். வலி இல்ல. சூடு கூட இல்ல. டீச்சர் என் கையைப் புடிச்சி அந்தத் தேமலையே பாத்துகினு இருந்தாங்க.

அதோட பேரு குஷ்டம். காதைப் பொத்தாதே. பேரைச் சொன்னா நாக்கு அழுகிடாது.

வேலூர்லருந்து ஆராய்ச்சிக்காரங்க நம்ம ஊர் பக்கம் வந்துகினு இருந்தாங்க. டீச்சர் அவங்களுக்குச் சொல்லிட்டாங்க. ஒரே ஊட்டுல, ஒரே காத்தை மூச்சு விட்டுகினு பத்து பேரு இருந்தா ஒருத்தருக்கு மட்டும் இது ஏன் வருது? அதைத்தான் அவங்க தேடறாங்க. ரத்தத்துலயே இன்னாவோ வழி வழியா வருதா, இல்ல ஜனங்க பண்றதுலயா. யாரு பக்கத்துல படுத்துத் தூங்கறாங்க, எத்தினி வருஷம் மறைக்கிறாங்க, எல்லாம் கேப்பாங்க. அதுக்கு ஊட்டுல இருக்கிற அத்தினி பேரையும் பாக்கணும்.

நைனாவுக்குப் பேஜாராப் போச்சு. அக்கா கல்யாணம் நிச்சயம் ஆயிருந்துச்சில்ல. கல்யாணம் முடியற வரைக்கும் நீ பின்னால ரூம்ல இருந்துக்கோன்னாரு. கிணத்தாண்ட ஒரு ரூம் இருக்குதே, நீ சின்னதுல வந்தப்ப பூட்டியே இருக்கும், அது.

அந்தக் கதவுக்கு உள்ள தாழ்ப்பாளே கெடையாது, பொன்னி. வெளிய மட்டும்தான்.

உள்ள போனதும் சாம்பல் வாடை. அடுப்பே இல்லாத ரூம்ல சாம்பல் வாடை. ஜன்னல் கம்பியில பட்டு இழை துண்டு துண்டாத் தொங்குது. கிட்ட போயிப் பாத்தா துண்டு இல்ல. ஒண்ணோட ஒண்ணு முறுக்கிச் சேத்து, ஒரே நீள இழை. கம்பிக்குக் கம்பி சுத்திகினே போவுது. தறியில புதுப் பாவு இழையைப் பழசோட முறுக்கிச் சேப்பாங்களே, வழுக்காம இருக்க விரல்ல சாம்பல் தொட்டுகினு, அதே கைவேலை.

மொத நாளு ராத்திரி அந்தத் தேமல் மேல யாரோ கை வெச்சாங்க.

கொப்புளம் வந்தப்ப கூட ஒணராத எடம். அம்மா கிள்ளிப் பாத்து அழுத எடம். அங்க மட்டும், பஞ்சு மாதிரி ரெண்டு விரலு.

கத்தினேன். கதவைத் தட்டினேன். யாரும் தொறக்கல.

விடிஞ்சதும் அம்மா ஜன்னல் வழியாச் சோத்துத் தட்டை நீட்டினாங்க. இந்த ரூம்ல யாரும்மா இருந்ததுன்னேன். அம்மா தட்டைக் கீழ போட்டுட்டாங்க. அப்பறம் கம்பியப் புடிச்சிகினு, மூஞ்சியத் திருப்பிகினு சொன்னாங்க.

அபிதகுசாம்பாள். நம்ம அத்தைடி, பொன்னி. எங்க நைனாவுக்கும் உங்க நைனாவுக்கும் பெரியவங்க. வந்தவாசிப் பக்கம் கட்டிக் குடுத்தோம், பிரசவத்துல போயிட்டாங்கன்னு நமக்கெல்லாம் சொல்லி வெச்சாங்களே, அவங்க வந்தவாசிக்குப் போவவே இல்ல. ஒரு நாளு சந்தனக் கலர் பாவு சேத்துகினு இருந்தாங்களாம். பட்டு இழை விரலை அறுத்துடுச்சு. அவங்களுக்குத் தெரியல. பாவு முழுக்க ரத்தம் ஓடினப்பறம்தான் ஊட்டுக்குத் தெரிஞ்சது. அன்னிக்கு அந்த ரூமுக்கு உள்ள போனவங்க பொணமாத்தான் வெளிய வந்தாங்க. கட்டியிருந்த பொடவையிலருந்தே இழை இழையா உருவி முறுக்கிகினு இருப்பாங்களாம்.

கத்தினாங்களாம்மான்னு கேட்டேன்.

மொதல்ல கத்தினாங்கன்னாங்க அம்மா.

ஆராய்ச்சிக்காரங்க வந்த அன்னிக்கு மட்டும் என்னை வெளிய வுட்டாங்க, முழுக்கை ரவிக்கை போட்டு. அவங்களோட வந்த டாக்டரம்மா ரவிக்கைக் கையைச் சுருட்டச் சொல்லித்தான் அந்தச் சோதனை பண்ணாங்க. ரெண்டாவது வாட்டியும் நான் காட்டினதும், டாக்டரம்மா நான் வெளையாடறேன்னு நெனச்சாங்க போல. நைனா பக்கம் திரும்பி, இந்தக் குடும்பத்துல முன்னாடி யாருக்காவது இருந்துச்சான்னு கேட்டாங்க.

"எங்க வம்சத்துலயே கெடையாதுங்க," ன்னாரு நைனா.

முறுக்கு விழுந்துச்சு. இந்த வாட்டி அழுத்தமா.

நல்லா நெனச்சிப் பாருங்கன்னாங்க. அத்தை, பாட்டன், யாராவது?

யாரும் இல்லீங்கன்னாரு.

இன்னும் அழுத்தம்.

எனக்குப் பல்லு கிட்டிகிச்சு. ஆனா அந்த நிமிஷம்தான் புரிஞ்சது, பொன்னி. இந்த விரலு எனக்கு ஒண்ணும் பண்ண வரல. நைனா இல்லேன்னு சொல்லச் சொல்லத்தான் முறுக்குது. ஒரு மனுஷியவே இல்லேன்னு ஆக்கிட்டாங்க. அடுத்து அதே ரூம்ல, அதே தாழ்ப்பாளுக்கு உள்ள, நான்.

"எங்க அத்தை இருந்தாங்க," ன்னேன். "பேரு அபிதகுசாம்பாள். தோ, அந்த ரூம்ல வெச்சிப் பூட்டினாங்க. இப்ப என்னைப் பூட்டறாங்க."

நைனா கையை ஓங்கிகினு வந்தாரு. அக்கா, எம் பொழப்பைக் கெடுத்துட்டியேன்னு அழுவுது. நான் சுருட்டின ரவிக்கைக் கையை இன்னும் மேல ஏத்தி அந்தத் தேமலை நீட்டினேன்.

"இங்க அடி நைனா. இங்கதான் எனக்கு வலிக்காது."

ஓங்கின கை அப்படியே நின்னுச்சு. அப்பறம் அவரு தறிமேட்டுல உக்காந்து, வாயில துண்டை அடைச்சிகினு, செத்துப் போன அவரு அக்காவை நெனச்சி அக்கா அக்கான்னு அழுதாரு. நைனா அழுது நான் பாத்ததே இல்ல.

அன்னிக்கு சாயங்காலம் அந்தத் தாழ்ப்பாளை நானே கழட்டிக் கிணத்துல போட்டேன். தடுக்கறவங்க தடுக்கட்டும்னு நின்னேன். யாரும் வரல.

டாக்டரம்மா கிருமி இருக்குதான்னு காது மடல்ல கீறிப் பாத்து மாத்திரை குடுத்தாங்க. செவப்பா ஒரு மாத்திரை, மூத்திரமே செவப்பாப் போவும், பயப்படாதேன்னு சொல்லியே குடுத்தாங்க. ஊட்டுல எல்லாரோடயும் படுத்துத் தூங்கறேன், எல்லாரோடயும் சாப்புடறேன். பள்ளிக்கூடத்துல ஒருத்தி பெஞ்சு மாறி உக்காந்தா. போயேன்னு வுட்டுட்டேன். மாப்ள ஊட்டுலருந்து இன்னும் பதில் வரல, அக்கா என்கிட்ட பேசறதில்ல. பரவால்ல. பூட்டு இல்லாம இருக்கிறேன்.

அந்த விரலும் அன்னியோட நின்னுடுச்சு. இப்ப அங்க மரத்த தோலு மட்டும்தான்.

ஆனா டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க. உங்க அத்தை ரத்தம் யார் யாருக்கு இருக்குதோ எல்லாரையும் பாக்கணும்மா, மறைச்சா கை காலு போவும், சீக்கிரம் வந்தா ஒண்ணுமே ஆவாதுன்னாங்க. உங்க ஊட்டுக்கு வந்தப்ப சித்தப்பா வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டாராமே. நாளைக்கு இங்க கேம்பு இருக்குது. நீ வர்றே. சித்தப்பா குறுக்கால படுத்தாலும் தாண்டிகினு போறோம்.

உனக்கு ஒண்ணும் இல்லேன்ற? சரி, திரும்பி உக்காரு. முதுகை உன்னால பாக்க முடியாதில்ல. தோ, பொடவை நுனியிலருந்து ஒரு இழை உருவிகினேன். கண்ணை மூடு. நான் இதால தொடறேன், எங்கன்னு விரலால காட்டு.

எங்க?

தோள்பட்டைக்குக் கீழயா? எடது பக்கமா?

இரு, ரவிக்கையத் தூக்கிப் பாக்கறேன்.

ஐயோ. தேமல் மாதிரிதான் இருக்குது. எட்டணா அளவுக்கு. சுத்தி வேர்த்திருக்குது, அங்க மட்டும் காஞ்சி போயிருக்குது. ஓரத்துல இன்னாவோ ஒட்டியிருக்குது.

சாம்பலு.

அழாதே. பயப்படாதே, மாத்திரை இருக்குது. என் கையைப் புடிச்சிக்கோ. ஆனா பொன்னி, நான் இன்னும் தொடவே இல்லடி. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப் போனவங்க, உன்னைக் கண்ணாலயே பாக்காதவங்க, நீயே பாக்காத இந்த எடத்தை எப்படிடி தெரிஞ்சிகினாங்க?