பெண்கள் பக்கத்து ஆல்பம்

அறுபதாவது படத்தின் கீழே மணப்பெண் இரம் எழுதியிருந்தாள்: ‘அக்கா, தூண்கிட்ட முதுகு காட்டி நிக்கிறது யாரு? எங்க சொந்தத்துல இல்ல. அழிச்சிடுங்க.’

சௌந்தர்யா பெரிதாக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறத் துப்பட்டா, தலையோடு மூடிய முதுகு. எடுக்கும்போது அங்கே ஒருத்தி நின்றதாக நினைவில்லை. ஆனால் தன் நினைவை அவள் என்றைக்கு நம்பினாள்? அதனால்தானே எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைக்கிறாள்.

போட்டோத் தொழில் தொடங்கிக் கிடைத்த முதல் கல்யாணம். ஆம்பூர் மண்டபத்தில் பெண்கள் பக்கத்தை எடுக்க ஒரு பெண் வேண்டுமென்று தேடி வந்திருந்தார்கள். அறுபத்து நான்கு படங்களை, இரமும் திறந்து மாற்றக்கூடிய, பாஸ்வேர்டு போட்ட பக்கத்தில் ஏற்றியிருந்தாள். இரம் சரி சொன்னால், பெண்களே வேலை பார்க்கும் ஒரு வேலூர் பிரிண்ட் லேபுக்கு ஆல்பம் ஆர்டர் போகும். “எங்க பொண்ணுங்க படத்த வேற யாரும் பாக்கக் கூடாது, பேட்டி. எங்க மக மாதிரி ஒன்ன நம்பித்தான் தர்றோம்” என்று இரமின் அம்மா முனவ்வர் பேகம் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். வாக்குத் தவறினால் மேல்விஷாரம் வரைக்கும் எந்த வீட்டிலும் இனி கூப்பிட மாட்டார்கள்.

தூணின் நிறத்தை எடுத்துப் பூசி அவளை அழித்து, படத்தை மறுபடி ஏற்றினாள். ‘60, தூண் பக்கம், முடிந்தது’ என்று நோட்டில் குறித்தாள்.

பத்து நிமிடத்தில் போன்.

“அக்கா, அறுபதுல போய்ட்டா. இப்ப அறுபத்தொண்ணுல நிக்கறா.”

“முன்னாடி கவனிச்சிருக்க மாட்டே இரம்.”

“நேத்து ரெண்டு தடவ பாத்தேன், இல்ல. இப்ப பாதி திரும்பி நிக்கறா.” இரம் சிரித்தாள். “கூப்பிடாமயே வந்து பிரியாணிய சாப்ட்டுட்டு, போட்டோவுக்கும் நின்னுட்டுப் போயிருக்கா பாருங்க.”

அழித்தாள். அறுபத்திரண்டில், நாற்காலிகளைத் தாண்டி, அந்தப் பெண் நேராக முன்னால் பார்த்தபடி நின்றாள். துப்பட்டாவின் நிழலில் முகம் தெரியவில்லை. மண்டபமே மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கேமராவைப் பார்த்தாள். சௌந்தர்யா மெமரி கார்டில் அதே படத்தைத் திறந்தாள். அதில் நாற்காலிகள் மட்டும்தான்.

“இன்னா, பேயறைஞ்சா மாதிரி உக்காந்துட்ட?” வாசலில் அண்ணன் இன்பராஜ், ஷூ கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பி நின்றான். “பேஜார் புடிச்ச வேலையா? காட்டு, நான் பாக்கறேன்.”

காட்டிவிடலாம் என்றுதான் திரும்பினாள். கை தானாக லேப்டாப்பை மூடியது.

“ஒண்ணும் இல்லண்ணா.”

“பெரிய ரகசியம்தான், போ.”

ஒரே சாவிதான் இருந்தது. வழக்கம்போல மாடிப்படியின் கிரில்லைப் பூட்டிக்கொண்டு போனான். விடியும்வரை வரமாட்டான்.

கீழ்த்தளத்துத் தையல் கடையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தோல் பதனிடும் ஆலையிலிருந்து ஜன்னல் வழியே எப்போதும் வரும் ஊறிய தோலின் வாடைக்குள், மண்டபத்தில் அன்றைக்கு நிறைந்திருந்த மல்லிகையும் நெய்யும் அத்தரும் கலந்து, யாரோ நெருங்கி வந்து நிற்பதுபோல மெல்ல மெல்லக் கனத்தன. அறுபத்திரண்டை அழித்தாள். அறுபத்து மூன்றில் பாதிப் படத்தைச் சாம்பல் நிறம் மறைத்தது. அதையும் அழித்தாள். அழித்த பிறகுதான் நோட்டைப் பார்த்தாள்.

தூண். நாற்காலிகள். இரண்டு கை தூரம்.

ஒவ்வொரு அழிப்புக்கும் ஒரு படி. கேமராவை நோக்கி.

கேமராவுக்குப் பின்னால் நின்றது சௌந்தர்யாதான்.

அறுபத்து நான்கு, கடைசிப் படம். இரம் கைக்கண்ணாடியில் முகம் பார்க்கிறாள். கண்ணாடியின் ஓரத்தில், கேமராவோடு சௌந்தர்யா. அவள் தலைக்குப் பின்னால் சாம்பல் நிறம். கன்னங்களின் இருபக்கமும் தூக்கிய இரண்டு கைகள், கண்ணைப் பொத்த வருவதுபோல.

அறுபத்தைந்து என்று ஒரு படம் இல்லை.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

இரமிடமிருந்து செய்தி: ‘கடைசிப் படத்துல மட்டும் இருக்கா. எடுத்துட்டா ஆர்டர் குடுத்துடலாம்.’

‘வேணாம். அழிக்காத. அப்படியே இருக்கட்டும்.’

சௌந்தர்யா அனுப்பினாள். கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. ஆர்டர் போனால் போகட்டும். பேர் போனால் போகட்டும். கிரில்லை உலுக்கினாள். பூட்டு. கீழே யாருமில்லை. திரும்பி வந்தாள்.

போன் அதிர்ந்தது.

‘இப்பதான் பாத்தேன் அக்கா. உங்களுக்குச் சிரமம் வேணாம்னு நானே போன்ல அழிச்சு ஏத்திட்டேன். கண்ணாடில இப்ப நீங்க மட்டும்தான். பிரிண்டுக்கும் ஓகே குடுத்துட்டேன்.’

தோல் வாடை நின்றுபோனது.

சௌந்தர்யா திரும்பவில்லை. முதுகில் துணி உரசியது. ஈர மருதாணி மணத்தோடு, இரண்டு குளிர்ந்த உள்ளங்கைகள் பின்னாலிருந்து மெதுவாக வந்து அவள் கண்களைப் பொத்தின.