இருபதாவது நிமிடத்தில் நிற்கும் கார்

“என் டிரைவரைக் கையும் களவுமா பிடிச்சுக் குடுங்கம்மா. இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்.”

தாம்பரம் முடிச்சூர் சாலையில், கிருபாவின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஷெட்டுக்குள் நுழையும்போதே சத்யநாராயணன் கொதித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர் பின்னால் டிரைவர் ஐசக் தலைகுனிந்து நின்றான். வாசலில் அந்த இருபத்தெட்டு வயது கார். பானெட், வைப்பர், நான்கு சக்கரம், ஏரியல் நுனி என்று இண்டு இடுக்கு விடாமல் சந்தன குங்குமப் பொட்டு.

“என்ன நடக்குது சார்?” கிருபா நிதானமாகக் கேட்டாள்.

“வாரம் மூணு நாள் என் ஒய்ஃப் வேதாவுக்கு பெரும்பாக்கத்துல டயாலிசிஸ். ரெண்டு வாரமா வண்டி கேம்ப் ரோடு பக்கம் நின்னுடறது. ‘பெட்ரோலைத் திருடறியா’ன்னு கேட்டதுலேர்ந்து இவன் இறங்கி, பெட்ரோல் டாங்க்ல குச்சியை விட்டு ‘பாருங்க சார், பெட்ரோல் இருக்கு, நான் திருடலை’ன்னு காட்டுவான். அப்புறம் உடனே ஸ்டார்ட் ஆகும்! இவனே நிறுத்தறான், இவனே ஓட்டறான். காயில், பம்ப் எல்லாம் மாத்தியாச்சு. நான் ஓட்டினா நிக்கறதே இல்லை.”

“நீங்க எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?”

“மார்க்கெட் வரைக்கும். பத்து நிமிஷம்.”

“கன்டென்சர்தான் அக்கா!” என்று துள்ளினான் கூட்டாளி ஜாய்சன். “சூடேறினா பிளக்குக்குக் கரன்ட் விடாம மக்கர் பண்ணும். இன்னா பெட் கட்றே?”

“ஓட்டிப் பார்ப்போம்” என்றாள் கிருபா.

ஐசக் ஓட்டினான். சரியாக இருபதாவது நிமிடம், கேம்ப் ரோடு சிக்னல் தாண்டியதும் கார் இருமியது, குலுங்கியது, நின்றது. பெட்ரோல் மூடியைத் திறக்க ஐசக் இறங்கினான்.

“அதைத் தொடாதீங்க ஐசக்.”

அவள் ஒரு பிளக் வயரைக் கழற்றிப் பிடிக்க, ஜாய்சன் சாவியைத் திருப்பினான். நீலப் பொறி பட் பட்டென்று பாய்ந்தது.

“கரன்ட் வருது. உன் கன்டென்சருக்கு விடுதலை.”

ஜாய்சனின் முகம் தொங்கிப்போனது. அடுத்து கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் ஹோஸைக் கழற்றினாள். எஞ்சினைச் சுழற்றியும் ஒரு சொட்டு வரவில்லை.

“டாங்க்ல பாதி இருக்கு, ஆனா மேல ஏறலை. சார், இப்ப மூடியை நீங்களே திறங்க.”

சத்யநாராயணன் திருகினார். ‘உஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம். அவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். கிருபா ஹோஸை மாட்டிவிட்டு ஐசக்குக்குக் கை காட்டினாள். இரண்டாவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“நான் ஒண்ணும் பண்ணலையே!” என்றார் சத்யநாராயணன்.

“ஐசக்கும் இவ்வளவுதான் சார் பண்ணார். பெட்ரோல் வெளிய போகப் போக, அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணும். அதுக்குத்தான் மூடியில ஊசி முனை அளவு ஓட்டை. அது அடைபட்டா டாங்க் பெட்ரோலை விடாம பிடிச்சு வெச்சுக்கும். பத்து நிமிஷம் பம்ப் போராடி இழுக்கும், இருபது நிமிஷத்துல தோத்துடும். அதான் உங்க கையில நிக்கலை. ஐசக் தன் மேல பழி வரக் கூடாதுன்னு மூடியைத் திறந்தார். காத்து போச்சு, வண்டி ஓடிச்சு.”

“ஓட்டையை அடைச்சவன் யாருக்கா?” ஜாய்சன் சட்டைக் கையை மடித்தான்.

கிருபா மூடியை வாங்கி அதன் மேற்பக்கத்தைக் காட்டினாள். நட்டநடுவில், காய்ந்து இறுகிய சந்தனம். அதன்மேல் குங்குமம்.

“ரெண்டு வாரம் முன்னாடி ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சது யார் சார்?”

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

“நான்தான்” என்றார் சத்யநாராயணன், ஈனஸ்வரத்தில். “ஒரு பாகம்கூட விட்டுடக் கூடாதுன்னு... நல்லா அழுத்தி வெச்சேன்.”

ஜாய்சன் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தான்.

கிருபா ஊசியால் ஓட்டையைக் குத்தி ஊதினாள். சத்யநாராயணன் தொண்டையைச் செருமினார். “சரி ஐசக், கிளம்பலாம்ப்பா.”

ஐசக் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். “மொதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க சார், நான் திருடலைன்னு. அவங்க எதிர்லதான கேட்டீங்க?”

 சத்யநாராயணன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். “வேதா, தப்பு என்னோடதுதான். ஐசக் ஒண்ணும் பண்ணலை.”

“அதைத்தானே நான் ரெண்டு வாரமா சொல்லிண்டிருக்கேன்!” என்றது மறுமுனை. “மணி ஒண்ணாகறது, இன்னிக்கு டயாலிசிஸ். ஐசக்கைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கோ. நீங்க வேணும்னா ஆட்டோவுல வாங்கோ.”

ஐசக் சிரித்தபடி பின்கதவைத் திறந்துவிட்டான்.