சைலன்சர் மேடமும் சத்தம் போடாத நூலகரும்

அந்த வண்டி வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்தது.

பட பட படவென்று... சாலையோரக் கடைகளின் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது.

"மேடம், இடி முதல்ல வருதா, வண்டி முதல்ல வருதான்னு தெரியல" என்றார் ஏட்டு.

அவள் தொப்பியை அழுத்திவிட்டுக்கொண்டு சாலையில் இறங்கிக் கை நீட்டினாள். போக்குவரத்துப் பிரிவின் எஸ்.ஐ. அவள். ஊருக்குள் வைத்த பெயர் 'சைலன்சர் மேடம்'. காதைக் கிழிக்கும் வண்டி சிக்கினால் போதும், நின்ற இடத்திலேயே சைலன்சர் குழாயைக் கழற்ற வைத்துவிடுவாள். அப்படிக் கழற்றியவை ஸ்டேஷன் பின்பக்கம் மலையாகக் குவிந்து கிடந்தன.

வண்டி சமர்த்தாக ஓரங்கட்டி நின்றது. கறுப்புக் கண்ணாடியும் முறுக்கிய மீசையுமாக ஒருவன் இறங்கப் போகிறான் என்று எதிர்பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்ததோ மூக்குக்கண்ணாடி போட்ட சாதுவான ஒரு முகம். சட்டைப் பொத்தான் கழுத்து வரைக்கும் போட்டிருந்தது.

அவன் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமா பேசுங்க சார், காதுல விழல!"

"வணக்கம்னு சொன்னேன்..."

ஏட்டு சிரிப்பை அடக்கிக்கொள்ள அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வண்டி இந்தக் கத்து கத்துது, நீங்க இவ்வளவு மெதுவா பேசறீங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"லைப்ரரியன்."

"லைப்ரரியனா? அங்க 'அமைதி காக்கவும்'னு போர்டு தொங்குமே!"

"தொங்குது. நான்தான் எழுதினேன்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பைத் தொண்டையிலேயே நிறுத்தி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். ஏட்டு சத்தம் அளக்கும் கருவியைக் குழாய்க்குப் பின்னால் பிடித்து, வண்டியை முறுக்கச் சொன்னார். எண் கிடுகிடுவென்று ஏறியது.

"உள்ள தடுப்பே இல்ல மேடம். வெறும் குழாய்."

"சத்தம் கூடற மாதிரி வண்டியை மாத்தறது சட்டப்படி தப்பு. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அந்தச் சட்டப் புத்தகம் எங்க லைப்ரரியில இருக்கு. படிச்சிருக்கேன்."

"படிச்சுட்டுமா?"

"பழைய வண்டி... வாங்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

"அப்பவே நல்லதா மாத்தியிருக்கலாமே?"

"மாத்தியிருக்கலாம்தான்..." என்று இழுத்தான்.

முதல் தூறல் விழுந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். இந்த வேலையில் முறைக்கும் கண், கெஞ்சும் கண், 'நான் யார் தெரியுமா' என்று கேட்கும் கண், எல்லாம் பார்த்தாயிற்று. இவை எதிலும் சேரவில்லை. எதையோ இழக்கப் போகிற கண்கள்... 'இந்தக் கண்ணுக்கும் இந்த வண்டிக்கும் ஒட்டவே ஒட்டாதே' என்று நினைத்தாள்.

ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன? மெக்கானிக் வந்து குழாயைக் கழற்றினார். அவள் அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டினாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"நன்றி."

"எதுக்கு?"

"பழக்கம்... யார் சீட்டு குடுத்தாலும் நன்றி சொல்லிடுவேன்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு எத்தனையோ சாபங்கள் கிடைத்திருக்கின்றன. அபராதச் சீட்டுக்கு நன்றி கிடைத்தது இதுதான் முதல் தடவை. மழை வலுத்தது. அவள் நனைந்துகொண்டே நின்றாள். ஏட்டுதான் குடையோடு ஓடிவந்தார்.

கம்பெனிக் குழாயைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டிவிட்டு, அவன் வண்டியை எடுத்துப் போனான். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிடிபட்ட குழாய்களையெல்லாம் ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் நாளில், ஸ்டேஷன் வாசலில் அவன் வந்து நின்றான்.

"மேடம், என்னோடதை மட்டும் குடுத்துடுங்களேன்... வண்டியில மாட்ட மாட்டேன். சும்மா வீட்ல வெச்சுக்கறேன்."

"ஏன் சார், ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்ச கோப்பையா அது? அலமாரியில வெச்சு அழகு பாக்கறதுக்கு?"

சுற்றி நின்ற போலீஸ்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு வார்த்தை விளக்கம் சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. ரோலர் ஏறி இறங்கியது. தகடாய்க் கிடந்த குழாயை ஒரு கணம் பார்த்துவிட்டு நடந்தான். இந்தத் தடவை நன்றி சொல்லவில்லை. அது ஏனோ அவளைச் சுருக்கென்று தைத்தது.

'வீம்பு பிடிச்ச மனுஷன்! போகட்டும்' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை.

அந்த வண்டியைப் பற்றிய புகார் முதலில் போனில்தான் வந்திருந்தது. பேசிய பெண் பெயர் சொல்லவில்லை. குழந்தை தூங்க முடியவில்லை என்று தெருப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தொந்தரவு தீர்ந்ததா என்று கேட்டுவர ஒரு மாலை எஸ்.ஐ.யே நேரில் போனாள். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஜீப்பைத் தெரு முனையில் நிறுத்தச் சொல்லிவிட்டு, தாழ்வாரக் கொடியில் குழந்தைத் துணி தொங்கும் வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டினாள்.

திறந்த இளம்பெண்ணின் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நன்றி மேடம். இப்பதான் புள்ள முழுசா ஒரு தூக்கம் தூங்குது."

"யார் வண்டின்னு தெரியுமா? நேர்லயே சொல்லியிருக்கலாமே?"

"பக்கத்து வீடுதான் மேடம்... அந்த அம்மா முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? தெருவுல யாருக்கும் மனசு வரல" என்று முகவாயால் காட்டினாள்.

பக்கத்து வீட்டு கேட்டில் வயதான பெண்மணி ஒருவர் குடை பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். புடவைக் கரை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. கண் தெரு முனையிலேயே இருந்தது. எஸ்.ஐ. கிட்டே போய், "ஏம்மா மழையில நிக்கறீங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை. தோளைத் தொட்டாள். திரும்பிய முகம் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் வெளிறிப்போயிற்று.

"என் பையனுக்கு என்னம்மா ஆச்சு? எனக்குக் காது கேக்காது... இதுல எழுதிக் காட்டு!"

இடுப்பில் தொங்கிய சின்ன சிலேட்டை அவள் கையில் திணித்தார். 'ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கார்' என்று அவள் அவசரமாக எழுதிக் காட்டினாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அந்தக் கையை விடாமலே உள்ளே கூட்டிப்போய், தெருவைப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் வைத்தார்.

"காய்ச்சல்ல போன காதும்மா இது. ஒரு நாள் இப்படித்தான் கை வெச்சு நின்னுக்கிட்டிருந்தேன். கண்ணாடி கிடுகிடுன்னு நடுங்குச்சு. எட்டிப் பாத்தா, பையன் வண்டியில வந்து இறங்கறான்! 'டேய், நீ வர்றது எனக்குக் கேட்டுச்சுடா'ன்னேன். வாசல்லயே உக்காந்து அழுதுட்டான்... அப்புறம் தினமும் கேக்கும். முனை திரும்பறப்பவே கேக்கும். இப்ப வண்டி என்னவோ ரிப்பேராம், கேக்கறதே இல்ல. அதான் கேட்டுலயே நிக்கறேன்."

அவள் விரல்களுக்குக் கீழே கண்ணாடி சில்லென்று, அசையாமல் இருந்தது. 'கோப்பையா அது' என்று தான் கேட்டது நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். அவன்தான். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏன் சொல்லல?" என்றாள்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன். கழட்டித்தான் இருப்பேன். ஆனா அன்னிக்கு எல்லாரையும் உங்களைப் பாத்துச் சிரிக்க வெச்சிருக்க மாட்டேன்... மன்னிச்சுடுங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சிலேட்டை எடுத்தாள். என்ன எழுதப் போகிறாள் என்று புரிந்ததும் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தான்.

"வேண்டாம் மேடம்! அம்மாவுக்கு அது சத்தமே இல்ல. நான் வர்றேன்னு அர்த்தம்... அவ்வளவுதான் அவங்களுக்கு."

"பக்கத்து வீட்ல ஒரு பச்சப்புள்ள இருக்கு சார். அதுக்கு அது வெறும் சத்தம்தான்."

அவள் எழுதினாள். வண்டி ரிப்பேர் இல்லை, குழாயைக் கழற்றியது நான்தான், அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கவே இல்லை என்று எழுதினாள். அம்மா ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். குடையைக்கூட எடுக்காமல் விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இவர்கள் இரண்டு பேரும் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். 'இந்த வீட்டில் இனி என் முகத்தில் விழிக்கவே மாட்டார்கள்' என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் இப்படி வலிக்கிறது? வெறும் ஒரு கேஸ்தானே...

அம்மா திரும்பி வந்தபோது கையில் அந்தக் குழந்தை இருந்தது. பின்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு இளம்பெண்ணும் வந்தாள். அம்மா மகன் தோளில் பளீரென்று ஒன்று வைத்தார்.

"ஏன்டா, காது போனா அறிவும் போயிடும்னு நெனச்சியா? தெருவே எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியாம போச்சே!" பிறகு அவள் பக்கம் திரும்பினார். குரல் உடைந்தது. "எல்லாரும் பாவம் பாத்து மறைச்சாங்க. நீ ஒருத்திதாம்மா மனுஷியா மதிச்சு உண்மையைச் சொன்ன. நல்லா இருப்ப தாயி."

சைலன்சர் மேடம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, ரொம்ப நேரமாகிவிட்டதே என்று ஏட்டு ஜீப்பை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். ஜீப்பின் சுழல்விளக்கு கூடத்துச் சுவரில் சிவப்பும் நீலமுமாக ஓடியது.

"யாரோ வந்திருக்காங்க பாரு!" என்று அம்மா சட்டென்று திரும்பினார்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"விளக்கு!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

மறுநாளே அவள் நூலகத்தில் போய் நின்றாள். பூட்ஸ் சத்தத்துக்குத் தலைநிமிர்ந்தவன், ஆள் யாரென்று பார்ப்பதற்கு முன்னாலேயே பழக்கத்தில் உதட்டில் விரலை வைத்துவிட்டான். பார்த்ததும் விரலை மறைக்க இடம் தெரியாமல் தவித்தான். அவள் ஒரு டப்பாவை மேஜைமேல் வைத்தாள். குசுகுசுவென்று பேசத்தான் வேண்டியிருந்தது. குசுகுசுவென்று பேசப் பக்கத்தில் வரத்தான் வேண்டியிருந்தது.

"இந்த விளக்கைச் சமையலறையில மாட்டுங்க. பட்டனை நீங்க வெச்சுக்குங்க. முனை திரும்பறப்ப அமுக்கினா, உள்ள மினுக்கும். அம்மா மழையில நிக்க வேண்டாம்."

"பட்டனை வண்டியில மாட்டணுமா?"

"சட்டைப் பையில போடுங்க. வண்டியில எதையாவது மாட்டினீங்க... மறுபடியும் வந்து பிடிப்பேன்."

"அப்ப மாட்டிட வேண்டியதுதான்..."

"என்ன சொன்னீங்க?"

"நன்றின்னு சொன்னேன்."

புளுகன்! அவள் காது அவ்வளவு மோசமில்லை. பின்னால் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் "உஷ்ஷ்..." என்றார். முகம் சிவக்க வெளியே வந்துவிட்டாள். கடையில் வாங்கியபோது அந்த டப்பாவில் இரண்டு பட்டன்கள் இருந்தன. ஒன்று அவள் பையிலேயே தங்கிவிட்டது. ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்ன அவசரமாம்?

அதன் பிறகு சில நாளில் ஏட்டு தலையைச் சொறிந்தார். "மேடம், லைப்ரரி வண்டி இப்பல்லாம் நம்ம சிக்னலை ரெண்டு ரெண்டு தடவை சுத்துது. சத்தமும் இல்ல, எந்தக் குத்தமும் இல்ல. இதுக்கு ஏதாவது செக்‌ஷன் இருக்கா?"

"வேலையைப் பாருங்க ஏட்டு!"

அவன் சுற்றினான். தலையசைத்தான். போய்விட்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை... ம்ஹூம். 'அம்மாவுக்காக நன்றி, அவ்வளவுதான் போல' என்று அவள் மனசு சோர்ந்துபோயிற்று. 'போலீஸ்காரி மனசில் என்னவோ, கேட்டுவைத்து உள்ளதும் போய்விட்டால்?' என்று அங்கே அவன் உழன்றுகொண்டிருந்தான்.

அன்று விடுமுறை. வெளியே நல்ல மழை. சமையலறையில் அம்மா டீ போட, அவன் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். விளக்கு மினுக்கியது.

அம்மா விளக்கைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"நீ இங்கதான்டா இருக்க... அப்ப வர்றது யாரு?"

அவன் சட்டைப் பையைத் தடவினான். பட்டன் பத்திரமாக உள்ளேதான் இருந்தது. தம்ளரை அப்படியே போட்டுவிட்டுச் செருப்புகூட இல்லாமல் ஓடினான்.

தெரு முனையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். காக்கி இல்லை. மழைமேக நிறத்தில் ஒரு புடவை, குடை, உள்ளங்கையில் அந்தப் பட்டன். ஊரையே விரட்டும் கண்கள் இன்று தரையைத்தான் பார்த்தன. அவன் பாதித் தெருவிலேயே நின்று ஏதோ சொன்னான். மழை அதை விழுங்கிவிட்டது.

"சத்தமா பேசுங்க சார்... காதுல விழல!" என்றாள். அவள் குரல்தான் நடுங்கியது.

அவன் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான். "நீங்க வர்றது எனக்கும் தெரியணும்! தினமும் தெரியணும்! எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு!"

தெருவில் ஜன்னல்களெல்லாம் திறந்துகொண்டன. பக்கத்து வீட்டுக் குழந்தை வீலென்று எழுந்து அழுதது.

"மேடம், இந்தச் சத்தத்துக்கு யார்கிட்ட புகார் குடுக்கறது?" என்று அதன் அம்மா சிரித்துக்கொண்டே கத்தினாள்.

அவள் குடையை மறந்துவிட்டு அவன் பக்கத்தில் நடந்துவந்தாள். கண்ணில் வழிவது மழையா, வேறா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நன்றி" என்றாள் மெல்ல.

"எதுக்கு?"

"பழக்கம்... உங்ககிட்டேருந்து ஒட்டிக்கிச்சு."

"அப்ப பதில்?"

அவள் வாயால் சொல்லவில்லை. பட்டனை இன்னொரு தடவை அமுக்கினாள்.

வீட்டு ஜன்னலில், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சமையலறை விளக்கு மினுக்கியது. திரும்பி அதைப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்து தெருவெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"கேட்டுச்சுடா!"